சூட்டு வலியா, பிள்ளை வலியா?

ஒன்பதாம் மாதக் கடைசியில் ஒரு நடுராத்திரி, என் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சீரகக் கஷாயம் கொடுத்தேன். கொஞ்சம் நடந்தாள்; வலி போயே போச்சு! சூட்டு வலிதான். பிள்ளை வலி அப்படி அடங்காது. விட்டு விட்டு வந்தாலும் இடைவெளி குறைந்துகொண்டே போகும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். தலைப்பிள்ளைக்கு 5 நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தால் கிளம்பிவிட வேண்டியதுதான். ரத்தப்போக்கு கண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கஷாயமெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

நாலாம் நாள் பனிக்குடம் உடைந்தது. வலியே இல்லை. "வலி எடுக்கட்டும், போகலாம்டி" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை, 108-ஐக் கூப்பிட்டேன். தண்ணீர் பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டதாம்! டாக்டரம்மா உடனே ஆபரேஷன் செய்தார். பேரனை முதலில் வாங்கிக்கொண்டது மாமியார்தான்.