அப்பா செய்தால்தான் சாகசமா?



பள்ளிக்கூடம் லீவு விட்டாலும் விட்டார்கள், எங்கள் வீட்டு டி.வி.க்கு ஓய்வே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போட்ட கார்ட்டூன் படத்தை, கீரை ஆய்ந்துகொண்டே நானும் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். 2018ல் வந்த 'இன்கிரெடிபிள்ஸ் 2'. இதன் முதல் பாகம் 2004ல் வந்தது. ஆஸ்கார் பரிசு வாங்கிய படம். நடுவில் 14 வருஷம் போயிருந்தாலும் கதை என்னவோ விட்ட இடத்திலேயே தொடங்குகிறது. கைக்குழந்தை கைக்குழந்தையாகவே இருக்கிறது!

அதிசய சக்தி உள்ள ஒரு குடும்பம். அப்பா பாப்புக்கு அசுர பலம். அம்மா ஹெலனின் உடம்பு ரப்பர் மாதிரி எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். ஆனால் இவர்களைப் போன்றவர்கள் சக்தியைக் காட்டக் கூடாது என்று சட்டம். அந்தத் தடையை நீக்கப் பாடுபடும் ஒரு பணக்காரர், முதலில் ஹெலனைத்தான் களத்தில் இறக்குகிறார். ஏனென்றால் அவள் போனால் சேதாரம் குறைவு, செலவும் மிச்சம். அதைக் கேட்டதும் பாப்பின் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

அம்மா வேலைக்குப் போக, வீடு அப்பா தலையில் விழுகிறது. தறிகெட்டு ஓடும் ரயிலை ஹெலன் மோட்டார் சைக்கிளில் துரத்தி நிறுத்துகிற காட்சி பிரமாதம். அதைவிட எனக்குப் பிடித்தது, அந்த வேலைக்கு நடுவிலும் மகன் போன் போட்டு "என் ஷூ எங்கேம்மா?" என்று கேட்பதுதான். கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்கிறாள். எந்த ஊராக இருந்தால் என்ன, பிள்ளைகள் ஒரே மாதிரிதான்!

பாப்பையும் குறை சொல்ல மாட்டேன். புது முறைக் கணக்கு புரியாமல் முதலில் எரிச்சல்படுகிற மனுஷன், ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கற்று, விடிவதற்குள் மகனை எழுப்பிச் சொல்லிக் கொடுக்கிறான். கண் கலங்கிவிட்டது எனக்கு.

என் ஆதங்கம் வேறு. தூக்கமில்லாமல் தாடியும் மீசையுமாகத் தள்ளாடி வரும் பாப்பிடம், உடை தைத்துத் தரும் எட்னா என்ற அம்மாள், பிள்ளை வளர்ப்பதும் வீரச் செயல்தான் என்கிற மாதிரி ஆறுதல் சொல்கிறாள். சரியான பேச்சு. ஆனால் இதை ஹெலனிடம் யாராவது சொன்னார்களா? முதல் பாகத்தில், சாப்பாட்டு மேஜையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் இரண்டு பேரையும் நீட்டிய கைகளால் இழுத்துப் பிடித்துக்கொண்டு திணறுவாளே, அது வெறும் சிரிப்புக் காட்சி. வருஷக்கணக்காக அவள் செய்தது குடும்பம். இவன் சில நாள் செய்தது சாகசம்!

போன வருஷம் என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று ஆறு நாள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தெருவே என் வீட்டுக்காரர் புகழ் பாடுகிறது. "ஒத்தை ஆளா ரெண்டு பிள்ளைகளையும் வெச்சு எப்படி சமாளிச்சார் தெரியுமா? நீங்க கொடுத்து வெச்சவங்க" என்றார்கள். உண்மைதான், நன்றாகவே சமாளித்தார், சாம்பார் அடிப்பிடித்ததைக்கூட மறைக்கவில்லை. ஆனால் 17 வருஷமாக நான் ஒத்தை ஆளாகச் சமாளிப்பதை ஒருத்தரும் அவரிடம் போய்ச் சொன்னதில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஹெலனும், அந்தப் பணக்காரரின் தங்கை ஈவ்லினும் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிற காட்சி அவ்வளவு இயல்பாக இருந்தது. கருவிகளைக் கண்டுபிடிப்பவள் தங்கை, விற்பது அண்ணன். அட, இரண்டு பெண்கள் சிநேகமாகப் பேசுகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். கடைசியில் அவள்தான் வில்லி! ஏன், வேறு ஆளே கிடைக்கவில்லையா?

குழந்தை ஜாக்-ஜாக் தோட்டத்தில் ரக்கூன் என்ற பிராணியுடன் போடும் சண்டைக்காகவே பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனிக்கவும். நடுவே விளக்குகள் பளிச்பளிச்சென்று மின்னும் காட்சிகள் உண்டு. படம் வந்தபோதே தியேட்டர்களில் இதற்கு எச்சரிக்கை பலகை வைத்தார்கள். வலிப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

படம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, "பாவம், அந்த மனுஷன் ரொம்ப கஷ்டப்பட்டுட்டான் இல்ல?" என்றார்.

நான் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்