வாழைப்பழமும் வெள்ளை யூதரும்

பத்தாம் வகுப்பு பிள்ளையிடம் மெண்டலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 3:1, 9:3:3:1 என்று கடகடவென ஒப்பிக்கும். "டிஎன்ஏவை கண்ணால பாத்திருக்கியா?" என்று கேட்டால் முழிக்கும். என் வீட்டிலும் அதே கதைதான்.

மட்டாஞ்சேரியில் வங்கி வேலை. விருந்தாளி வந்தால் ஜூ டவுனுக்குக் கூட்டிப்போய், 1568ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தைக் காட்டி, மிளகு வாசனையோடு திரும்புவோம். கொச்சிக்கு வந்து சேர்ந்த எல்லாத் தமிழ்க் குடும்பமும் இதைச் செய்திருக்கும். அங்கே இருக்கும் மரபியல் பாடத்தை மட்டும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

இந்த ஊரில் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம் என்று சொல்லி ஒரு பிரிவினரைப் பரதேசி ஜெபாலய பெஞ்சில்கூட உட்கார விடவில்லை. அந்தப் பிரிவில் பிறந்த வக்கீல் ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் இருந்து போராடினார். 2016ல் ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ் குழு கொச்சி யூதர்களையும் சேர்த்து ஓர் ஆய்வு வெளியிட்டது. இந்திய யூதர்களின் மரபணுவில் பெரும்பங்கு உள்ளூர். மத்தியக் கிழக்கின் பங்கு கொஞ்சம்தான், ஆனால் நிச்சயமாக உண்டு. கடல் தாண்டி வந்த கதையும் நிஜம், கலந்ததும் நிஜம். "சுத்த ரத்தம்" மட்டும் பொய். (நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சு ஞாபகம் வருதா? :-))

பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கச் சொல்லவில்லை. அது வேண்டவே வேண்டாம். ஒரு வாழைப்பழம் போதும். மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்த தண்ணீர் விட்டு, துணியில் வடிகட்டி, ஐஸ் போல் குளிர்ந்த ஸ்பிரிட்டை ஓரமாக ஊற்றினால் வெள்ளை வெள்ளையாய் நூல் மிதக்கும். டிஎன்ஏ! ஒரு பீரியட் வேலை.

"அதான் பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல்ல இருக்கே சார்" என்பார்கள். இருக்கிறது, பயாலஜி எடுத்த பிள்ளைக்கு. காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு உயிரியல் பத்தோடு சரி. நானே பி.காம், அந்த வரிசையில் வந்தவன்தான். இந்த லட்சணத்தில் 2023ல் வந்த என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமத்தையே வெட்டிவிட்டார்கள்.

"போர்டு எக்ஸாமுக்கு வராது" என்பது அடுத்த பதில். நாளைக்கு வரன் பார்க்கும்போதும், ஆளைப் பார்த்து வீடு வாடகைக்கு விடும்போதும் வருமே!

அடுத்த பிடிஏ கூட்டத்தில் டியூஷன் ஃபீஸ் பேசுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். வாழைப்பழம் நான் வாங்கித் தருகிறேன்.