அந்தக் கேள்வியை அரசன் ஏன் கேட்கிறான்?

ஒரகடம் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வருகிற ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், கட்டபொம்மன் வசனம் முழுவதையும் மூச்சுவிடாமல் சொல்வான். பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் வேடம் ஊர்த்தெருப் பையனுக்குப் போனது. காலனிப் பையனான இவனுக்கு ஈட்டி பிடித்து நிற்கும் காவலன் வேடம். வசனம் கிடையாது. "ராஜாவுக்கு ஒரு முகக்களை வேணும்ல" என்றாராம் ஆசிரியர்.

ஆசிரியர் மீது கோபம் வந்தது. யோசித்தபோது நாடகத்தின் மீதும் வந்தது.

சக்தி கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை 1957இல் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றியது. 1959இல் அது படமானது. அன்றிலிருந்து நம் பள்ளி மேடைகளில் அந்த ஒரு காட்சி ஓயவில்லை. வரி கேட்கும் ஜாக்சனைப் பார்த்து, எங்கள் வயலில் நீ என்ன வேலை செய்தாய் என்று அரசன் கேட்கிறான். அரங்கம் கைதட்டுகிறது.

கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்பவர் யார்? கட்டபொம்மன் நாற்று நட்டாரா? பாளையக்காரரும் குடியானவர்களிடம் வசூலித்தவர்தான். அதில் கம்பெனி கேட்ட கப்பத்தில்தான் தகராறு முற்றியது. சேற்றில் இறங்கியவர்கள் நம் பாட்டிகள். அவர்களுடைய கேள்வியைப் பிடுங்கி அரசன் வாயில் வைத்துவிட்டு, நம்மையும் கைதட்டச் சொல்கிறார்கள்.

"தூக்குமேடை ஏறியவரை இழிவுபடுத்துகிறாயா?" என்று சிலர் பாய்வார்கள். இல்லை தோழர்களே. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தத் துணிச்சலை யாரும் மறுக்கவில்லை. அரசனின் வீழ்ச்சியை மட்டுமே நாட்டின் துயரமாகக் காட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

அவர் படையில் நின்ற கவர்ணகிரி சுந்தரலிங்கம் தேவேந்திரர் சமூகத்தவர். அவர் பெயர் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்? 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்கச் சாதி. கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது அரசு. கட்டபொம்மனுக்குக் கைதட்டியவர்கள் அவருக்காகச் சண்டையிட்டவரின் பெயரைச் சகிக்கவில்லை.

இது பழைய கதை இல்லை. இங்கே வயல்கள் சிப்காட்டுக்குப் போனபோது பட்டா வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு வந்தது. அதே வயலில் நாற்று நட்ட கூலிப் பெண்களின் பெயர் எந்தப் பட்டாவில் இருந்தது? இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ்சுக்காக ரோட்டில் நிற்கிறார்கள், காண்ட்ராக்ட் கூலிகளாக. மேடையிலும் வெளியிலும் உழைத்தவருக்கு வசனம் இல்லை.

அடுத்த ஆகஸ்ட் 15க்கு உங்கள் ஊரில் இந்த நாடகம் போட்டால், அந்தக் காட்சியை மாற்றி நடியுங்கள். நாற்றுக்கட்டோடு ஒரு பெண் மேடைக்கு வரட்டும். அந்தக் கேள்வியை அவள் கேட்கட்டும். ஜாக்சன் பதில் சொல்லட்டும். பக்கத்தில் நிற்கும் அரசனும் சொல்லட்டும்.

எங்கள் மையத்தில் ஒத்திகை தொடங்கிவிட்டது.