குளத்தின் அடியில் வாழும் மீன்களுக்கு இரை

ஒரே குளத்தில் பல ஜாதிக் கெண்டைகளைச் சேர்த்து வளர்ப்போரில் பலர், கரையில் நின்று தவிட்டையும் பிண்ணாக்குத் தூளையும் வாரி இறைத்துவிட்டு, மீன்கள் துள்ளி உண்பதைக் கண்டு திருப்தியடைகின்றனர். அவ்வாறு துள்ளுபவை பெரும்பாலும் மேல்மட்டத்து மீன்களேயாம். அடியில் வாழும் மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் எவ்வளவு கிடைத்தது என்று விசாரிப்போர் சிலரே. இந்த அசிரத்தையே வீண் செலவுக்கும் ஜலக் கேட்டிற்கும் மூலகாரணம் என்பது நமது அபிப்பிராயம்.

பழனி மலைகளின் அடிவாரத்திலுள்ள ஆயக்குடி, கொய்யாத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. தோட்டத்துப் பண்ணைக் குட்டையிலோ, மழையை நம்பிய ஊர்க் குளத்திலோ மீன் விடுபவருக்கு நீர் நிலைத்திருக்கும் காலம் அற்பமானது. அக்காலத்திற்குள் எல்லா மீன்களும் எடையேற வேண்டும். அடிமட்டத்து மீன் மெலிந்து நிற்குமானால், அதற்காகக் கொடுத்த குஞ்சு விலையும் நஷ்டமே.

கூட்டு மீன் வளர்ப்பின் தத்துவம், குளத்தின் ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள இரையை ஒவ்வொரு ஜாதியும் உண்பதாம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியிலும் மேய்கின்றன. சாதாக் கெண்டையின் ஒரு வகை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. 1957 ஜூலை 10-ந் தேதி ஒரிஸாவிலுள்ள அங்குலில் ஹீராலால் சௌதுரி அவர்கள் ஊசி மருந்தின் உதவியால் கெண்டைகளை முட்டையிடச் செய்தபின், குஞ்சுகளுக்கு ஆற்றையே எதிர்பார்க்கும் நிலை படிப்படியாக மாறிற்று. இவ்விதம் குஞ்சு எளிதில் கிடைத்தும், இரையைப் பங்கிடும் முறை பல குளங்களில் இன்னும் சீர்படவில்லை.

"அடி மீனுக்குத் தனி இரை எதற்கு? மேலே சிந்தியது கீழே போகாதா?" என்று சிலர் வினவுவர். மீன் குறைவாக உள்ள பெரிய குளத்தில், வண்டலில் மக்கிய பொருள்களே மிர்காலுக்கு ஓரளவு போதும். நெருக்கமாக மீன் விட்ட குட்டையில் அது போதாது. உலர்ந்த தவிடு நீரில் மிதப்பதால், சுறுசுறுப்பான மீன்கள் அதை முதலில் முடித்துவிடுகின்றன. சாதாக் கெண்டையோ மீசையால் தடவி, மண்ணைக் கிளறி, நிதானமாகவே உண்ணும்.

ஆகவே அதிகமாக இறைத்தால் போதுமென எண்ணுவதும் தவறு. கண்ட இடத்தில் விழுந்து எஞ்சிய இரை சேற்றில் அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கும். அதன் தீங்கை முதலில் அனுபவிப்பதும் அடியில் வாழும் மீனே. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பது பிராணவாயுக் குறைவுக்கு அறிகுறியாகும். அன்று இரையை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

நாம் சிபாரிசு செய்யும் முறை எளிது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, சம எடை தவிட்டுடன் பிசைந்து உருண்டையாக்குக. முதலில் ஒரு மூலையில் மேல்மட்டத்து மீன்களுக்குரிய பங்கைத் தூவுக. அவை அங்கே கூடியிருக்கும்போது, மறு மூலையில் உருண்டைகளைத் தட்டில் வைத்துக் கயிற்றால் அடிமட்டம்வரை இறக்குக. தினந்தோறும் இடமும் வேளையும் மாறலாகாது. சில மணி நேரத்திற்குப் பின் தட்டைத் தூக்கிப் பார்த்து, மீதி இருந்தால் மறுநாள் குறைக்கவும். துடைத்தாற்போல் இருந்தால் சிறிது கூட்டவும்.

அளவிற்கு ஓர் உதாரணம்: சராசரி 200 கிராம் எடையுள்ள 500 மீன்களின் மொத்த எடை 100 கிலோ. நூற்றுக்கு 2 வீதம் நாளொன்றுக்கு 2 கிலோ இரை ஆகும். மீன்களின் மொத்த எடையில் பத்தில் மூன்று பங்கு அடிமட்டத்து ஜாதிகளாயின், 600 கிராம் தட்டில் இறங்க வேண்டும். மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை நிறுத்துப் பார்த்து இக்கணக்கைத் திருத்திக்கொள்க.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. ஊர்க் குளத்து நீர் பாசனத்திற்கும் கால்நடைக்கும் உரியது. மீன் குத்தகை விடும்போது, இரையைக் கண்டபடி கொட்டலாகாது என்றும், அழுகிய கழிவுகளை இடலாகாது என்றும் நிபந்தனை விதிப்பது நலம். சாதாக் கெண்டை மண்ணைக் கிண்டும் சுபாவமுடையதாதலால், மண்கரையுள்ள குளங்களில் அதை மிதமாகவே விட வேண்டும்.

துள்ளும் மீனைப் பார்த்து இரையிடுவதை விடுத்து, தட்டில் எஞ்சியதைப் பார்த்து இரையிடும் வழக்கத்தை விவசாயிகள் கைக்கொள்வார்களாக.