ஒளிஞ்சிருக்கிறவன் தோளைத் தட்டிப் படம் காட்டாதீங்கய்யா!

டிஸ்கி: கோஜிமா பக்தர்கள், சினிமா இல்லாமல் சோறு இறங்காதவர்கள் எல்லாரும் ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு மேற்கொண்டு படிக்கவும். காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

"மெட்டல் கியர் சாலிட் வெறும் கேம் இல்ல மச்சி, அது ஒரு படம்!"

இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பாராட்டுன்னு நெனச்சுதான் சொல்றாங்க. இட்லி கடைக்குப் போய் "அண்ணே, இட்லி பிரமாதம், அப்படியே பூரி மாதிரியே இருக்கு"ன்னு சொன்னா மாவு ஆட்டினவர் மனசு என்ன பாடுபடும்? மத்த கேமுக்கெல்லாம் சினிமாத்தனம் நல்லதா கெட்டதான்னு தனியா ஒரு நாள் அடிச்சுக்கலாம். ஆனால் ஸ்டெல்த் கேம், அதாவது ஒளிஞ்சு மறைஞ்சு ஆடுற ஆட்டம் இருக்கு பாருங்க, அதுக்குள்ள சினிமாவைக் கொண்டுவந்து நுழைப்பது அடிமடியிலேயே கை வைக்கிற வேலை.

எல்லாரும் ஐஸ்பாய் ஆடியிருப்பீங்க. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. தேடுறவன் காலடிச் சத்தம் கிட்ட வருது, நிக்குது, மறுபடி நகருது. இந்தப் பக்கம் திரும்புவானா, இப்ப ஓடினா தூணைத் தொட்டுடலாமான்னு மனசுக்குள்ள ஓடுது பாருங்க, அதுதான் கதை. யாரும் எழுதிக் கொடுக்காத கதை. அந்த நேரத்துல பக்கத்து வீட்டு அக்கா வந்து தோளைத் தட்டி, "இருடா, தேடுறவனோட சின்ன வயசு சோகத்தைச் சொல்றேன்"னு ஏழு நிமிஷம் சொல்லி முடிச்சிட்டு, கடைசியில உங்களைத் தூக்கி முற்றத்து நடுவுல நிக்க வெச்சிட்டுப் போனா எப்படி இருக்கும்? கட்-சீன் செய்யறது அதையேதான். எத்தனை கோடி செலவு பண்ணி எடுத்தாலும் அதேதான்.

பொட்டி தட்டுற சகாக்களுக்கு நம்ம பாஷையில சொல்றேன். கட்-சீன் என்பது ஒரு பிளாக்கிங் கால். அது திரும்பி வர்ற வரைக்கும் உங்க கீபோர்டுக்கு மரியாதை கிடையாது. திரும்பி வரும்போது, நீங்க அரை மணி நேரமா பார்த்துப் பார்த்து சேர்த்து வெச்ச ஸ்டேட்டையும், எந்தக் காவலாளி எங்க நிக்கிறான், யார் முதுகைக் காட்டிட்டு இருக்கான், எல்லாத்தையும், சத்தமில்லாம அழிச்சிட்டு வரும். ஆபீஸ்ல இப்படி ஒரு கோடு எழுதினா ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. கேம்ல எழுதினா விருது.

எங்க ஊர் கதைக்கு வர்றேன். 2007, 2008 வாக்கில் திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டின சந்து ஒண்ணுல ப்ரௌசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். அங்கே எல்லா கம்ப்யூட்டரிலும் இருந்த ஒரே கேம் ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. நார்வேக்காரர்கள், இன்னர்லூப் என்ற கம்பெனி, 2000-இல் வெளியிட்டது. மொத்தம் 14 மிஷன். நடுவுல சேவ் பண்ண முடியாது. செத்தா முதல்லேர்ந்து.

எங்க செட்டுல பாதிப் பேர் தமிழ் மீடியம். ஜோன்ஸ் யாரு, ப்ரிபாய் யாரு, எக் என்கிற அந்தம்மா எதுக்கு அணுகுண்டு வெக்கிறா, ஒருத்தனுக்கும் தெரியாது. காதுல வயர்லெஸ்ல இங்கிலீஷ் பேசிட்டே இருக்கும், பேசட்டும். ஆனா முதல் மிஷன் ரயில் யார்டுல கேமரா எந்தப் பக்கம் திரும்பும், அலாரம் அடிச்சா எந்தக் கொட்டாயிலிருந்து ஆளுங்க ஓடி வருவாங்க, வேலிக்கு வெளியே மேட்டுல படுத்து பைனாகுலர்ல எவ்வளவு நேரம் பார்த்துட்டு உள்ளே இறங்கணும், இதெல்லாம் அஞ்சாங்கிளாஸ் படிக்கிறவன்கூட தலைகீழா சொல்லுவான். ஒருத்தன் ஆட, நாலு பேர் பின்னாடி நின்னு கிசுகிசுன்னு "டேய் இரு, இரு, அவன் திரும்பட்டும்"னு சொல்லுவோம். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற காவலாளிக்குக் கேட்டுடுமோன்னு கிசுகிசுப்பு! எங்களுக்குப் புரியாத பாஷையில வந்த கேம் எங்களை அந்த அளவுக்கு உள்ளே இழுத்ததுன்னா, அது வசனத்தாலேயா? மிஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் வர்ற துக்கடா படத்துல யாருக்கு அக்கறை? மணிக்கு 20 ரூபாய்ல அது வேற ஓடிட்டிருக்கேன்னு வயிறு எரியும்.

ஒளிஞ்சு ஆடுற ஆட்டத்துக்கு மொழி தேவையில்லை. நிழல், சத்தம், முதுகு, நேரம். இது நாலும் தமிழ் மீடியத்துக்கும் தெரியும். சினிமாவைக் கொண்டாந்து நுழைச்சவுடனே ஆட்டம் இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்கு மட்டும்னு ஆயிடுது. எனக்கு இதுதான் பெரிய ஆத்திரம்.

சரி, இப்போ கோஜிமா. 1987-இல் எம்.எஸ்.எக்ஸ்-2 கம்ப்யூட்டருக்கு முதல் மெட்டல் கியர் செஞ்சாரு. கேட்டது சண்டை கேம். அந்த மெஷினால ஒரே திரையில நெறைய ஆளுங்களையும் குண்டுகளையும் காட்ட முடியல. சண்டை போட முடியாதுன்னா ஒளிஞ்சுக்கலாமேன்னு திருப்பினார். 'தி கிரேட் எஸ்கேப்' படம் ஒரு தூண்டுதல்னு சொல்லுவாங்க, ஒத்துக்கறேன். ஆனா அங்கே படத்துலேர்ந்து வந்தது யோசனை. அந்த யோசனை ஆட்டத்தோட விதியா மாறிடுச்சு. அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. பிற்பாடு மெஷினுக்கு சக்தி வந்துச்சு, மனுஷர் தன் உடம்புல 70 சதவீதம் சினிமான்னு ட்விட்டர்ல எழுதி வெச்சுக்கிற அளவுக்குப் போனார். 2008-இல் வந்த நாலாம் பாகத்துல ஒரே கட்-சீன் 27 நிமிஷம், முடிவுல வர்ற தொடர் காட்சிகள் 71 நிமிஷம்னு கின்னஸ் புத்தகத்துல ஏறிச்சு. 71 நிமிஷத்துல எங்க ஊர்ல கிரிவலப் பாதையில பாதி நடந்துடலாம் சார்.

நீளம்கூட பெருசு இல்ல. 1998-இல் வந்த முதல் 'சாலிட்'ல ஸ்னைப்பர் வுல்ஃபோட சண்டை முடிஞ்சதும் ஸ்நேக்கைப் பிடிச்சிடுவாங்க. நீங்க எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ஆடியிருந்தாலும் சரி. ஏன்னா கதையில அடுத்த சீன் சித்திரவதை அறை, அங்கே போய்த்தான் ஆகணும். மணிக்கணக்கா யார் கண்ணுலயும் படாம வந்தவனை, திரைக்கதை பிடிச்சுக் கொடுத்துடுது. ஒளிஞ்சு ஆடுற ஆட்டத்துல இதைவிடப் பெரிய துரோகம் என்ன இருக்கு?

ரசிகர்கள் உடனே மூணாம் பாகத்தைத் தூக்கிட்டு வருவாங்க. வரட்டும், அது எனக்கே சாட்சி. 2004-இல் வந்த அந்த கேம்ல ரெண்டு இடம் யாராலயும் மறக்க முடியாது. ஒண்ணு, தி சாரோ வர்ற ஆறு. அதுவரைக்கும் நீங்க கொன்ன ஒவ்வொருத்தனும் எதிர்ல நடந்து வருவான். கொல்லாம வந்தவனுக்கு ஆறு கிட்டத்தட்ட காலி, சுட்டுத் தள்ளினவனுக்கு ஊர்வலம். இன்னொண்ணு, கடைசியில வெள்ளைப் பூ வயல்ல தி பாஸை சுட வேண்டிய இடம். படம் ஓடிட்டே வந்து டக்குனு நிக்கும். நீங்க பட்டனை அழுத்துற வரைக்கும் நிக்கும். ரெண்டுமே சினிமாவால செய்ய முடியாத வேலை. இதைக் காட்டி "பார், எப்படிப்பட்ட சினிமா!"ன்னு சொல்றவங்களை என்ன செய்யறது?

2015-இல் வந்த அஞ்சாம் பாகத்துல கதையை கேசட்டுல போட்டு, ஊர்ந்துக்கிட்டே கேட்டுக்கோன்னு விட்டுட்டார். நல்ல யோசனை. ஆனா பழக்கம் விடுமா? ஒவ்வொரு மிஷனுக்கும் சீரியல் மாதிரி டைட்டில் கார்டு போட்டு, அதுல இன்னிக்கு எந்த விசேஷ எதிரி வரப்போறான்னு முன்கூட்டியே பேர் போட்டுக் காட்டினார். வேவு பார்க்கப் போறவனுக்கு வாசல்லயே விடையைச் சொல்லி அனுப்புற மாதிரி. என்ன கொடுமை சார் இது!

இதெல்லாம் ஜப்பான்காரன் பாடு, உனக்கு ஏன்யா இவ்வளவு கோபம்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. என் காலேஜ் ஜூனியர் பசங்க ரெண்டு பேர் பகல்ல ஆபீஸ் ஆணி புடுங்கிட்டு ராத்திரியில ஒரு ஸ்டெல்த் கேம் செய்யறாங்க. களம் செஞ்சிக் கோட்டை. எங்க ஊர்லேர்ந்து 40 கி.மீ.க்குள்ள, திண்டிவனம் ரோட்டுல. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-லேர்ந்து 1698 வரைக்கும் முற்றுகை போட்டானே, அந்தக் காலம். முற்றுகைக்கு நடுவுல கோட்டைக்குள்ள ஓலை கொண்டு போய்க் கொண்டு வர்ற ஒருத்தன்தான் ஆட்டக்காரன். கேட்டவுடனே எனக்குப் புல்லரிச்சுது. சிவாஜி மகன் ராஜாராமே அந்த முற்றுகையிலேர்ந்து தப்பிச்சுப் போனவர்தானே!

எட்டு மாசம் ஆச்சு. காட்டுன்னு கேட்டேன். பன்னிரண்டு நிமிஷ ஆரம்பப் படம் காட்டினாங்க. ட்ரோன் ஷாட்ல ராஜகிரி, மழை, குதிரை, கணீர்க் குரல்ல பின்னணி வசனம். ஒளிப்பதிவு பிரமாதம், சத்தியமா. அப்புறம் ஆட்டத்தைத் திறந்தாங்க. காவல்காரன் நேர்க்கோட்டுல போறான், வர்றான். அவன் முதுகுக்குப் பின்னாடி ஓடினேன், குதிச்சேன், ஒரு பானையை உடைச்சேன். திரும்பல. "அண்ணா, அவனுக்கு இன்னும் காது கேக்காது. அது அடுத்த மைல்ஸ்டோன்"ங்கறாங்க.

எட்டு மாசத்துல அஞ்சு மாசம் படத்துக்கு. காவல்காரனுக்குக் காது வெக்க நேரமில்ல!

1998-இல் வந்த 'தீஃப்' கேம்ல கல் தரையில நடந்தா ஒரு சத்தம், கம்பளத்துல நடந்தா இன்னொரு சத்தம். காவலாளிகள் தங்களுக்குள்ள வம்பு பேசுறதை இருட்டுல நின்னு ஒட்டுக் கேட்டாலே பாதிக் கதை தெரிஞ்சிடும். மிஷனுக்கு முன்னாடி சின்னதா ஒரு படம், அவ்வளவுதான். உள்ளே இறங்கின பிறகு உங்க தோளை யாரும் தட்ட மாட்டாங்க. செஞ்சிக்கு இதைவிட என்ன வேணும்? மூணு மலை, மூணையும் சேர்த்து வளைச்ச மதில், வேலூர் வாசல், புதுச்சேரி வாசல், ராஜகிரி உச்சிக்குக் கிட்டப் போனா பாறைப் பிளவு, அதைத் தாண்ட ஒரு பாலம். கட்டினவன் எதிரி எப்படி நடப்பான்னு யோசிச்சு யோசிச்சு கட்டியிருக்கான். அந்தப் பாலம் எடுத்திருக்கு, நீ இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன்னா அதுக்கு வசனம் எதுக்கு? 1750-இல் புஸ்ஸியோட பிரெஞ்சுக்காரங்க இந்தக் கோட்டையை ராத்திரியோட ராத்திரியா பிடிச்சாங்க. இருட்டுதான் அவங்களுக்கும் ஆயுதம்.

"நம்ம ஜனங்க சினிமா ஜனங்கண்ணா, படம் காட்டாம விக்காது"ன்னு அவங்க சொன்ன பதில்தான் என்னை எழுத வெச்சது. சினிமாவைக் கேமுக்குள்ள திணிச்சு நாம ஒண்ணும் கிழிக்கலையே. 2008-இல் ஹைதராபாத் எஃப்.எக்ஸ். லேப்ஸ் கஜினி கேம் விட்டாங்க. பதினஞ்சு நிமிஷத்துல எல்லாம் மறந்து போற ஹீரோ! எவ்வளவு அருமையான ஆட்ட விதி அது. யாருக்காவது இன்னிக்கு அந்த கேம் ஞாபகம் இருக்கா? (அதுவும் மறந்து போச்சு, ஹிஹி.)

அப்புறம், நம்ம ஜனங்கன்னா எந்த ஜனங்க? எங்க மாவட்டத்து கிராமங்கள்ல பாரதக் கூத்து நடக்குது. கடைசியா படுகளம். களத்துமேட்டுல மண்ணால பிரமாண்டமா துரியோதனனைப் படுக்க வெச்சிருப்பாங்க. பீமன் துரியோதனனைத் துரத்தும்போது கூட்டமும் சேர்ந்து நகரும். கதை எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும், யார் சாவாங்கன்னு தெரியும். யாரும் சீட்டு போட்டு உக்காந்து பார்க்கிறதில்ல. களத்துல நிக்கணும்னு வர்றாங்க. இதே ஜனங்கதான் சினிமாவும் பார்க்கிறாங்க. ரெண்டும் வேற வேறன்னு அவங்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியல.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா 2018-இல் வந்த ஹிட்மேன் 2 எடுத்து மும்பை மிஷனை ஆடிப் பாருங்க. ஐ.ஓ. இன்டராக்டிவ் அதுக்கு முந்தின வருஷம்தான் ஸ்கொயர் எனிக்ஸை விட்டுப் பிரிஞ்சு தனியா வந்திருந்தாங்க. அந்த கேம்ல மிஷன்களுக்கு நடுவுல வர்ற படங்கள் பெரும்பாலும் அசையாத ஓவியமும் பின்னணிக் குரலும்தான். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரல. மும்பையில மூணு பேரைத் தேடணும், அதுல மேல்ஸ்ட்ராம் என்கிறவன் முகமே உங்களுக்குத் தெரியாது. சந்து சந்தா நடந்து, பேச்சை ஒட்டுக் கேட்டு, ஆளுங்களைப் பின்தொடர்ந்து நீங்களேதான் கண்டுபிடிக்கணும். ஒரு கட்-சீன் போட்டு மூஞ்சியைக் காட்டியிருந்தா மொத்த மிஷனும் காலி.

இன்னொருத்தன் தாவூத் ரங்கன். பணக்கார பில்டர், தானே ஹீரோவா நடிச்சு சொந்தமா படம் எடுத்துட்டு இருப்பான். ஷூட்டிங் நடக்கிற இடத்துல பெரிய காத்தாடி மெஷின் ஒண்ணு இருக்கும், ஹீரோ முடி பறக்கிறதுக்கு. அதை முழு வேகத்துல திருப்பி விட்டா ஹீரோவே பறந்துடுவான். கேமரா ஓடிட்டேதான் இருக்கும்.

ஜூனியர்ங்களா, அடுத்த மைல்ஸ்டோனுக்கு லிஸ்ட் இதோ: காவல்காரனுக்குக் காது. அப்புறம் ஒரு ஜோடி கண்ணு. அப்புறம் ராத்திரியில தூங்கி வழியற பழக்கம். ட்ரோனைத் திருப்பிக் கொடுத்துடுங்க, வாடகை ஏறுது.