ஹெரால்டை எடைக்கும் போட வேண்டாம், ஒரேயடியாகப் பிரிக்கவும் வேண்டாம்



மாமாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை என்ன செய்வது என்ற பேச்சு இரண்டு வாரமாக நம் குடும்பக் குழுவில் ஓடுகிறது. திருச்சி வீட்டை விற்கப் போகிறார்கள், அதற்குள் ஷெட் காலியாக வேண்டும். ஒரு கட்சி எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறது. இன்னொரு கட்சி, முழுக்கப் பிரித்து ஆறு மாதத்தில் புத்தம் புதிதாக்கித் தருபவர்களிடம் மொத்தமாக ஒப்படைக்கலாம் என்கிறது. இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வாத்தியார் பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் நான்கு வருடமாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சரிசெய்துகொண்டு வருகிறார். 1973-ஆம் வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4. இரண்டே இருக்கை, துணிக் கூரை, 1296 சிசி இன்ஜின். போன மாதம் அதன் படத்தை நம் பள்ளிக் குழுவில் போட்டார். உடனே அறிவுரை மழை. 'இந்தக் காசுக்கு எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கலாமே', 'நாலு வருஷமாவா இன்னும் முடியல?' என்று. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. முடிக்கக் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் இந்த இரண்டு கார்களுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் கோவென்ட்ரியில் பிறந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் ஜியோவன்னி மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். அந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதன்மேல் அதே மிக்கெலோத்தி வரைந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். கம்பெனி அப்போது பணமுடையில் இருந்ததால் மாதிரி வண்டியைத் துணி போட்டு மூடி ஓர் ஓரத்தில் தள்ளி வைத்திருந்தார்கள். 1961-இல் கம்பெனியை வாங்கிய லேலண்டுக்காரர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது துணியை விலக்கிப் பார்த்து, தயாரிக்கச் சொன்னார்கள். 1962-இல் விற்பனைக்கு வந்து 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் ஓடியது. ஹெரால்டோ கடல் தாண்டி நம்மிடம் வந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள் அதைத் தயாரித்தது. ஆக, கோவென்ட்ரி மாணவரின் காரும் திருச்சி ஷெட்டில் தூங்கும் காரும் ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள். முன்பக்க மட்கார்டும் பானட்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும் அந்த அழகு இரண்டிலும் உண்டு. டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

நம் மாணவர் எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். வாங்கியபோது கார் ஓடியது, ஆனால் நிற்காது. ஆகவே முதல் வருடம் பிரேக் மட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் உள்ளே துரு பிடித்து வீல் சிலிண்டர் இறுகிவிடும். முன்னே டிஸ்க், பின்னே டிரம். எல்லா ரப்பரையும் குழாயையும் மாற்றினார். டயரில் பட்டன் நன்றாக இருந்தும் ரப்பர் கல்லாக இறுகியிருந்ததால் நான்கையும் மாற்றினார். அந்தக் கோடையில் கெனில்வொர்த் கோட்டை வரை போய் வந்தார். பெயிண்ட் திட்டுத் திட்டாக, கூரைத் துணி கிழிந்து, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

இரண்டாவது வருடம் முன்சக்கரம். இந்த வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டுக்கு டிரனியன் என்று பெயர். பித்தளைபோன்ற ஒரு கட்டைக்குள் இரும்புத் தண்டு மரையில் திரும்பும். அதற்கு கிரீஸ் போடக் கூடாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கம்பெனிக் கையேடே சொல்கிறது. கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே கட்டிவிடும். உள்ளே காய்ந்து துருப்பிடித்த தண்டு ஒருநாள் திருப்பத்தில் முறியும், சக்கரம் மடங்கிவிடும். அவர் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த கிரீஸ். பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கண்காட்சியில் நிறுத்தியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மூன்றாவது வருடம் இன்ஜின். பிரிக்கவில்லை, சோதித்தார். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால் உள்ளே திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். கவனிக்காமல் விட்டால் அது கழன்று விழுந்து கிராங்கையும் பிளாக்கையும் சேர்த்துத் தின்றுவிடும். கீழே ஆயில் சம்ப்பைக் கழற்றியே வாஷரை மாற்றலாம், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. கிளட்சை மிதித்தது அவருடைய பன்னிரண்டு வயது மகள். 'அப்பா, நகருதா?' என்று அவள் கேட்டாளாம். அந்தக் குழந்தைக்கு இன்று கிராங்க் என்றால் என்ன என்று தெரியும். நான் கரும்பலகையில் படம் போட்டுக் கால்மணி நேரம் விளக்கியும் உங்களில் பாதிப் பேருக்குப் புரியாத விஷயம்.

இந்த வருடம்தான் கதவுக்குக் கீழே உள்ள சில் எனப்படும் தகடு. ஸ்பிட்ஃபயரில் அது அலங்காரத் தகடு அல்ல, வண்டியின் எலும்பு. முன்பு யாரோ துருவின்மேல் பட்டி அப்பிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கதவிடத்தில் குறுக்குக் கம்பி கொடுத்து இறுக்கிவிட்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும், பிறகு கதவு சாத்தாது. வெல்டிங் மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தார், மற்றதெல்லாம் தன் கையால். அந்த ஊரில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், பழைய வண்டிக்கு அது விஷம். அதனால் குளிர்காலம் ஸ்பேனருக்கு, வெயில்காலம் ஸ்டீயரிங்குக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. அவசரமுமில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். முதலில் நிற்க வேண்டும், அடுத்து திரும்ப வேண்டும், பிறகு ஓட வேண்டும், கடைசியில் மினுங்க வேண்டும். ஒரேயடியாகப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் மினுக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். பழைய கார் விளம்பரங்களைப் பாருங்கள், 'பாதி வேலை முடிந்தது, மீதிச் சாமான் பெட்டிகளில் உள்ளது' என்று எத்தனை! பிரிக்க ஒரு வாரம் போதும். பூட்டும்போதுதான் காசு தீரும், மனசு சலிக்கும், எந்த நட்டு எங்கே போகும் என்பது மறந்துபோகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொட்டால் இன்னொரு லாபமும் உண்டு. புதிதாக ஒரு சத்தம் வந்தால் நேற்று எதைத் தொட்டோம் என்று பார்த்தால் போதும். நூறு மாற்றங்களை ஒரே நாளில் செய்தவன் சத்தம் வந்தால் எங்கே போய்த் தேடுவான்? சோதனைச்சாலையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொன்னேனே, அதே பாடம்தான்.

எதிர்வாதங்களையும் தட்டிக்கழிக்கவில்லை. புகை உண்மைதான். புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் இல்லாத இன்ஜின், ஒரு கிலோமீட்டருக்கு இன்றைய காரைவிட அதிக நச்சை விடும். அதனால்தான் இது தினமும் ஆபீஸ் போகும் வண்டி அல்ல, கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. ஆபத்தும் உண்மைதான். ஏர்பேக் கிடையாது. பின்சக்கர அமைப்பிலும் முதல் மூன்று மாடல்களில் ஒரு குறை இருந்தது. வேகமாக வளைவில் போகும்போது சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்வாங்கி வண்டி சுழலும். 1970-இல் வந்த மார்க் 4-இல் பட்டை ஸ்பிரிங் நடுவில் ஆடும்படி மாற்றி அதைப் பெருமளவு குறைத்தார்கள். ஹெரால்டிலும் அதே பழைய அமைப்புதான், ஆகவே நம் வீட்டு இளவட்டங்கள் அதில் வேகம் காட்ட நினைக்க வேண்டாம். செலவும் உண்மைதான். ஆனால் மெல்லச் செய்தால் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதி, மொத்தமாகக் கொடுத்தால் கடன்.

இப்போது மாமாவின் காருக்கு வருகிறேன். அது 1966 மாடல். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருக்க வேண்டும். 'வேறு புது இன்ஜினைப் போட்டுவிடலாம்' என்று குழுவில் எழுதிய மருமகப்பிள்ளை இதைக் கவனிக்கவும். அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அல்ல. இந்த விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்றே நினைக்கிறேன். பிரிட்டனில் நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத காருக்குச் சாலை வரியும் இல்லை, வருடாந்திரச் சோதனைக் கட்டாயமும் இல்லை. ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்வர முடியும். நின்ற கார் கெடும். சீல் காயும், டாங்கில் பெட்ரோல் பிசினாகும். நம் ஊரில் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இன்னும் சீக்கிரம் போகும். அதை முதலிலேயே மாற்ற வேண்டும்.

காரைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. திருச்சியில் அந்தக் காரைப் பார்த்துவந்த மெக்கானிக்குக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. மீட்டர் எதுவும் இல்லாமல் காதாலேயே கார்பரேட்டரைச் சரிசெய்வார். அவர் கை எப்படித் திருகுகிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. காரை மொத்தமாக ஓரிடத்தில் கொடுத்தால் கார் திரும்பி வரும், அந்த வித்தை வராது.

ஆகவே என் யோசனை: மாமா பிள்ளைகள் காரை விற்க வேண்டாம். தஞ்சாவூரில் ஐடிஐ-யில் பாடம் நடத்தும் நம் தம்பி தன் வீட்டுக் கொட்டகையில் இடம் தருகிறேன் என்கிறார். லாரியில் ஏற்றி அனுப்புவதற்கான செலவை நான் ஏற்கிறேன். முதல் வருடம் பிரேக், பெட்ரோல் குழாய், முன்சக்கர டிரனியன், இவ்வளவுதான். அவருடைய மாணவர்கள் நான்கு பேர் சனிக்கிழமைகளில் வரட்டும். பெரியவரை மாதம் ஒருமுறை கார் வைத்து அழைத்து வந்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் வாங்கவேண்டிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, அவர் சொல்வதை வீடியோ எடுங்கள். குடும்பத்தில் மாதம் 500 ரூபாய் போட முடிந்தவர்கள் போடலாம், கட்டாயமில்லை. முதல் டப்பாவில் என் பென்ஷனிலிருந்து போடுகிறேன்.

முடிவு மாமா பிள்ளைகளுடையது. நான் சொன்னதை ஏற்காவிட்டாலும் வருத்தமில்லை. ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் எடைக்கடைக்காரர் லாரியோடு வருவதாகச் சொன்னார்கள், அதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். வெளியூர் மாணவர்களில் யார் வீட்டு ஷெட்டிலாவது ஹெரால்டோ அதன் உதிரிச் சாமான்களோ இருந்தால் இங்கே கீழே எழுதுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்