ஏலியனுக்கு என்ன தெரியாது?

வேற்றுக்கிரகவாசி வரும் நகைச்சுவைப் படம் ஒன்று வெளியானால், முதல் காட்சி முடிந்ததுமே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு லாஜிக் இடிக்கிறது. எங்கிருந்தோ வந்த உயிரினம் நம் மொழியை எப்படிப் பேசுகிறது, இவ்வளவு பெரிய பூமியில் கதாநாயகன் கண்ணில் மட்டும் எப்படிப் படுகிறது என்று கேட்கிறார்கள். இன்னொரு கட்சி உடனே பதில் சொல்கிறது: இது காமெடிப் படம், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜாலியாகப் போய் வாருங்கள். 2024 பொங்கலுக்கு 'அயலான்' வந்தபோதும் இந்த இரண்டு குரல்களையும் கேட்டோம். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. முதல் கட்சி கேள்வியைத் தவறான இடத்தில் கேட்கிறது. இரண்டாவது கட்சி கேள்வியே வேண்டாம் என்கிறது. இந்த வகைப் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த ஏலியனுக்கு என்ன தெரியாது? நம்மிடம் இருக்கும் எது அதனிடம் இல்லை? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் படத்தில் சிரிப்புக்கு அடித்தளம் இருக்கிறது. பதில் வரவில்லை என்றால், எவ்வளவு கோடி கொட்டி கிராஃபிக்ஸ் செய்தாலும் அது பொம்மையாகவே நிற்கும்.

அறிவியல் கணக்குக் கேட்பவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி. அது சுமார் 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரத்தைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே, ஏலியன் பூமிக்கு வந்து இறங்கியது என்று சொன்ன நொடியிலேயே படம் அறிவியலை ஒரு தடவை மீறிவிட்டது. அந்த ஒரு மீறலை மன்னித்துத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம். அதை மன்னித்த பிறகு என்ன எரிபொருள், எந்த எஞ்சின் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. வந்து இறங்கியது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் நாம் விடாப்பிடியாக நிற்க வேண்டும். வருகையை மன்னிக்கலாம், வந்த பிறகு அடிக்கும் பல்டிகளை மன்னிக்கத் தேவையில்லை.

பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏலியன் நகைச்சுவையின் வேர் அதுதான், ஆனால் தலைகீழாக. இங்கே மிட்டாய்க்கடை நம்முடையது. நாம் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகி, ஏன் என்று கேட்க மறந்துபோன கடை. அதன் முன்னால் வந்து நிற்பவருக்கு நமக்குச் சாதாரணமாகிவிட்ட ஏதோ ஒன்று புரியாமல் இருக்க வேண்டும். இது சினிமா கண்டுபிடித்த உத்தி அல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1752-இல் வெளியிட்ட 'மைக்ரோமேகாஸ்' கதையில் சீரியஸ் விண்மீனிலிருந்து ஒரு பேருருவம் வருகிறது. வழியில் அது சந்திக்கும் சனிக்கிரகவாசி, எங்களுக்கு எழுபத்திரண்டு புலன்கள் இருந்தும் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறது. அதற்கும் முன்பு, 1726-இல், ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' கதையில் வரும் அறிவுள்ள குதிரைகளின் மொழியில் பொய் என்ற சொல்லே கிடையாது. கலிவர் பொய்யை விளக்கப் படும் பாட்டில், வாசிப்பவனுக்குத் தன் ஊர்தான் வேற்றுக்கிரகமாகத் தெரியத் தொடங்குகிறது.

திரையில் இதை முழுமையாகச் செய்துகாட்டிய படம் என்று நான் கருதுவது 1999-இல் வெளியான 'கேலக்ஸி குவெஸ்ட்'. டீன் பாரிசாட் இயக்கியது. எப்போதோ நின்றுபோன ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் நடிகர்கள், கடை திறப்புக்கும் ரசிகர் கூட்டத்துக்கும் பழைய வேஷத்தையே போட்டுக்கொண்டு போய்ப் பிழைக்கிறார்கள். அவர்களிடம் தெர்மியன்கள் என்ற உயிரினங்கள் வந்து, எங்கள் இனத்தைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகின்றன. தெர்மியன்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: கற்பனை. கதை கட்டுவது, நடிப்பது, பொய் சொல்வது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. விண்வெளியில் பிடித்த அந்தத் தொடரின் ஒளிபரப்பை அவர்கள் வரலாற்று ஆவணம் என்று நம்பிவிட்டார்கள். தொடரில் பார்த்த கப்பலை அப்படியே கட்டியும் விட்டார்கள். படத்தின் அத்தனை சிரிப்பும் இந்த ஒரு குறையிலிருந்தே சுரக்கிறது. தொடரில் கப்பலோட்டியாக நடித்த சிறுவன் அன்று படப்பிடிப்பில் கையை எப்படி எப்படியோ ஆட்டியிருக்கிறான். தெர்மியன்கள் அந்தக் கையசைவைப் பார்த்தே கப்பலின் விசைகளை அமைத்திருக்கிறார்கள். வளர்ந்து ஆளான அந்த நடிகர் இப்போது நிஜக் கப்பலை ஓட்ட வேண்டும். அதற்காகத் தன் பழைய எபிசோடுகளைத் தானே போட்டுப் பார்த்துப் பாடம் படிக்கிறார். கப்பலின் நடைவழி ஒன்றில் ராட்சதச் சம்மட்டிகள் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. எந்தக் காரணமும் இல்லை. ஏதோ ஓர் எபிசோடில் விறுவிறுப்புக்காக எவரோ எழுதிவைத்தது. அதற்குள் புகுந்து ஓட வேண்டிய நிலையில், சிகோர்னி வீவர் நடித்த பாத்திரம் அந்த எபிசோடை எழுதியவரைத் திட்டித் தீர்க்கிறது. லாஜிக் ஓட்டை என்று ரசிகர்கள் சொல்லும் பொருளையே இந்தப் படம் இரும்பில் வார்த்து நடைவழியில் நிறுத்தியிருக்கிறது. லாஜிக்கில் இவ்வளவு கறாரான படத்தைப் பார்க்கும்போது மூளையைக் கழற்றி வைத்திருந்தால் அந்த ஜோக் எவருக்குமே விளங்கியிருக்காது.

இதே குறைதான் படத்தின் மிகக் கனமான காட்சியையும் தருகிறது. எதிரியான சாரிஸ், சித்திரவதைப் பலகையில் கட்டப்பட்டுக் கிடக்கும் தெர்மியன் தலைவர் மத்தேசரிடம் உண்மையைச் சொல்லும்படி கதாநாயக நடிகருக்கு உத்தரவிடுகிறான். நாங்கள் வீரர்கள் இல்லை, நடிகர்கள் என்கிறார் அவர். மத்தேசருக்கு விளங்கவில்லை. நடிப்பு என்றால் பாவனை என்கிறார், அதுவும் விளங்கவில்லை. கடைசியில் பொய் என்று சொல்ல வேண்டி வருகிறது. அந்தச் சொல் சாரிஸின் கொடுமையால் தெர்மியன்கள் சமீபத்தில்தான் அறிந்த சொல். மத்தேசராக நடித்த என்ரிகோ கொலன்டோனியின் முகத்தில் அதுவரை அசையாமல் இருந்த குழந்தைச் சிரிப்பு மெல்ல இறங்குவதைப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் நம்மைச் சிரிக்கவைத்த அதே அறியாமை இங்கே நெஞ்சை அடைக்கிறது. பாத்திரத்தின் இயல்பு மாறவில்லை, நாம் அதைப் பார்க்கும் கோணம் மாறியிருக்கிறது. விதியைக் கடைசிவரை காப்பாற்றிய படத்துக்குக் கிடைக்கும் பலன் இது. அறிவியல் புனைவு ரசிகர்கள் 2000-ஆம் ஆண்டு இந்தப் படத்துக்கு ஹியூகோ விருது கொடுத்தார்கள். தங்களையே கிண்டல் செய்த படத்துக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

இந்தியில் 2014-இல் ராஜ்குமார் ஹிரானி எடுத்த 'பிகே' படத்துக்கும் அதே அடித்தளம்தான். ஆமிர் கான் நடித்த ஏலியனின் ஊரில் ஆடை இல்லை, பேச்சு இல்லை, மனத்திலிருந்து மனத்துக்கு எண்ணம் நேரே போய்விடுகிறது. அதனால் பொய்க்கும் இடமில்லை. எப்படி மொழி பேசுகிறது என்ற கேள்வியைப் படம் மழுப்பவில்லை. ஒரு பெண்ணின் கையை மணிக்கணக்கில் பிடித்திருந்து போஜ்புரியை உறிஞ்சிக்கொள்வதாகக் காட்டுகிறது. அதற்கு முன்பு எவர் கையைப் பிடிக்கப் போனாலும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தனி நகைச்சுவை. விண்கலம் ஓட்டத் தெரிந்தவனுக்கு இவ்வளவு வெகுளித்தனம் எப்படி என்று சிலர் ஆட்சேபித்தார்கள். எண்ணத்தை மறைக்கவே முடியாத ஊரில் வளர்ந்தவனுக்கு வார்த்தையைச் சந்தேகிக்க எங்கே பயிற்சி? தொலைந்துபோன அவனுடைய ரிமோட்டைக் கடவுள்தான் கண்டுபிடித்துத் தர முடியும் என்கிறார்கள். அவன் அதை அட்சரம் பிசகாமல் நம்பிக் கடவுளைத் தேடிக் கிளம்புகிறான். தேங்காயும் தட்டுமாகத் தேவாலயத்துக்குள் போய் நிற்கும் காட்சி வெறும் குறும்பாக இல்லாமல் படத்தின் தர்க்கத்திலிருந்தே முளைப்பது அதனால்தான். படத்தின் முடிவில் அவன் ஊருக்குத் திரும்பும்போது, பிரியமான பெண்ணின் குரலைப் பதிவுசெய்த ஒலிநாடாக்களை எடுத்துக்கொண்டு, அதில் வேறென்னவோ இருப்பதாகச் சொல்கிறான். பூமியில் அவன் கற்றுக்கொண்ட பொய். இது வெறும் காமெடிப் படம் என்று சொல்பவர்கள், அந்தப் படத்துக்கு எதிராகப் பல ஊர்களில் போராட்டம் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். சிரிப்பு எங்கேயோ தைத்திருக்கிறது.

இனி 'அயலான்'. அயல் என்ற தமிழ்ச் சொல்லில் அந்நியமும் அண்டைவீடும் சேர்ந்தே இருக்கின்றன; இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. இயக்குநர் ஆர். ரவிக்குமார் பல ஆண்டுகள் காத்திருந்து இதைக் கொண்டுவந்தார். டாட்டூ என்று பெயர் பெறும் அந்த ஏலியனின் தோலும் கண்ணும் அசைவும், தமிழ்ப் படத்தில் இது சாத்தியமா என்று இருந்த தயக்கத்தைப் போக்கிவிட்டன. அதற்காக அந்தக் கலைஞர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனாலும் என் கேள்விக்கு இந்தப் படத்தில் பதில் கிடைக்கவில்லை. டாட்டூவுக்கு என்ன தெரியாது? சித்தார்த்தின் குரலில் அது நம் வீட்டுப் பையன் போலப் பேசுகிறது, பழகுகிறது, கலாய்க்கிறது. பூமி அதற்குப் புதிராக இல்லை. அதனால் சிரிக்கவைக்கும் பொறுப்பு யோகி பாபுவிடமும் கருணாகரனிடமும் போய்ச் சேர்கிறது. ஏலியன் பக்கத்தில் நிற்கிறது. கதை, எரிவாயுவுக்காக மண்ணைக் குடையும் தொழிலதிபரோடு நடக்கும் சண்டையாக விரியும்போது, நாம் பலமுறை பார்த்த நாயகன் வில்லன் மோதலில் டாட்டூ கூடுதல் பலமாக மட்டும் நிற்கிறது. மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற கருத்து உயர்ந்தது. அதை எடுத்துச் சொல்ல வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவர் வர வேண்டிய அவசியத்தைப் படம் நிறுவவில்லை என்பதே என் குறை. இதே இயக்குநர் 2015-இல் எடுத்த 'இன்று நேற்று நாளை' நினைவுக்கு வருகிறது. கால இயந்திரம் கிடைத்த இரண்டு பேர், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் தொழில் தொடங்குகிறார்கள். கடந்த காலத்தில் அவர்கள் செய்த ஒரு சிறு தவறால், சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். பின்பாதி முழுக்க அந்த ஒரு தவறின் விலை. கால இயந்திரம் எந்த விதியில் ஓடுகிறது என்று எவரும் அதை நோண்டவில்லை. அது தன் விதியை மீறாததால் மக்கள் கூடவே வந்தார்கள். அந்தக் கறார்த்தனம் தெரிந்த கை இது என்பதால்தான் 'அயலான்' மீது எனக்கு ஏக்கம்.

குழந்தைகள் படம், இதற்குப் போய் இவ்வளவு அலசலா என்பவர்கள் குழந்தைகளோடு விளையாடிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தால் அவுட் என்றால் அவுட்தான். பெரியவர்கள் போல் சலுகை காட்டமாட்டார்கள். 2003-இல் வந்த 'கோயி மில் கயா' படத்தின் ஜாதூ, ரப்பர் பொம்மை என்று பார்த்ததும் தெரியும். ஆனால் அதற்குச் சூரிய ஒளி வேண்டும், மேகம் மூடினால் சக்தி போய்விடும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஜாதூவை நம்பினார்கள், அது தளர்ந்தபோது பதறினார்கள்.

எனக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான உதாரணம் டிம் பர்ட்டனின் 'மார்ஸ் அட்டாக்ஸ்!' என்று ஒப்புக்கொள்கிறேன். 1996 டிசம்பரில் வந்த அந்தப் படத்தில் செவ்வாய்க்காரர்களுக்கு நோக்கமே கிடையாது. நாங்கள் நண்பர்கள் என்று மொழிபெயர்ப்புக் கருவி அறிவித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுத் தள்ளுகிறார்கள். சுமார் 7 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் 4 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. வெளிநாடுகளில்தான் கூடுதலாக ஓடியது. சில மாதம் முன்பு 'இண்டிபென்டன்ஸ் டே' படத்தைக் கைதட்டிப் பார்த்த மக்களுக்கு, அதே வெள்ளை மாளிகையையும் அதே ராணுவத்தையும் கேலிப்பொருளாகப் பார்ப்பது கசந்திருக்கலாம். விதியே இல்லாத கும்மாளமும் நகைச்சுவைதானே என்று இந்தப் படத்தின் ரசிகர்கள் கேட்பார்கள். அங்கேயும் விதி இருக்கிறது: அவர்களிடம் இல்லாதது இரக்கம். ஒரு காட்சியில்கூடப் படம் அதிலிருந்து நழுவவில்லை. அதை வெறுத்தவர்கள்கூட இன்றுவரை அந்த மூளை பிதுங்கிய தலைகளை மறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

தமிழில் இதைச் செய்ய ஆளில்லை, தொழில்நுட்பம் வரட்டும், பட்ஜெட் வரட்டும் என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. சத்யஜித் ராய் 1967-இல் எழுதி, ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோய், கடைசிவரை எடுக்க முடியாமல் போன 'தி ஏலியன்' திரைக்கதையில் வங்கக் கிராமத்துக் குளத்தில் ஒரு விண்கலம் விழுகிறது. நீருக்கு மேலே தெரியும் அதன் கூம்பைக் கோயில் கோபுரம் என்று நினைத்து ஊர் மக்கள் கும்பிடுகிறார்கள். அந்த ஒரு காட்சியை எழுத எந்த கிராஃபிக்ஸும் தேவைப்படவில்லை. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1963-இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. அது முழு நகைச்சுவைப் படம் அல்ல. தந்திரக் காட்சிகள் இன்று பார்த்தால் எளிமையாகத் தெரியும். ஆனால் கதை எழுதியவர்கள் அந்த வேற்றுக்கிரகத்தைப் பற்றி முடிவு செய்திருந்த விஷயம் தெளிவானது. விஞ்ஞானத்தில் நம்மைவிட எங்கோ போய்விட்ட அந்தக் கிரகத்தில் கலை இல்லை. பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், ஒரு பாடகியைத் தூக்கிப்போக அவர்கள் தமிழ்நாட்டுக்குக் கலம் அனுப்புகிறார்கள்.